பின் ஆக்சிலிலிருந்து தொடங்குங்கள்: பழைய ஃபோர்டு பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் ஏற்றும் முறை

சங்ககிரியில் பெரியப்பாவின் லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடித்துப் பழகியவன் நான். இப்போது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே டீசல் மெக்கானிக். ஊரில் டாடா 1613 லாரியில் கழற்றிப் பூட்டிய அதே 6பிடி கம்மின்ஸ் டீசல் இன்ஜின்தான் இங்கே டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தது. டாடாவும் கம்மின்ஸும் 1993-இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது இந்த வகையைத்தான். 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 12 வால்வு, 1-5-3-6-2-4 ஃபயரிங். ஓடுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். டீசலும் காற்றும் கிடைத்தால் போதும்.

உடம்பெல்லாம் துருப்பிடித்த டாட்ஜிலிருந்து இந்த இன்ஜினை எடுத்துப் பழைய ஃபோர்டில் ஏற்றுவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய ஆசை. ‘ஃபம்மின்ஸ்’ என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களும் சிலர் கேட்கிறார்கள்: 1978 எஃப்-250 கிடைத்திருக்கிறது, நான்கு சக்கர டிரைவ், உள்ளே 400 வி8 பெட்ரோல் இன்ஜின், கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிது, டீசல் போடலாமா? போடலாம். அந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன். வேறு ஆண்டு, வேறு மாடல் என்றால் அளவுகள் மாறும், யோசிக்கும் வரிசை மாறாது.

எல்லோரும் முதலில் இன்ஜினைத் தேடிக் கிளம்புகிறார்கள். ஊரில் லேலண்டு இன்ஜினை வேறு சேசிஸில் போடச் சொல்லி யாராவது வந்தால் பெரியப்பா என்னைப் பார்த்துச் சொல்வார்: “டேய், இன்ஜினைக் காசு கொடுத்தா எவனும் வாங்கிருவான். கிரவுன் எத்தனை பல்லுன்னு மொதல்ல எண்ணிட்டு வா.” கிரவுன் என்றால் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சின்னது பினியன். அதே பாடம்தான் இங்கேயும்.

கிரவுன் கணக்கு

பழைய பெட்ரோல் வி8 4,000 ஆர்பிஎம் வரை ஓடும். 6பிடி 2,500-இல் முழு சக்தியையும் கொடுத்து முடித்துவிடும். அதற்கு மேல் கவர்னர் பிடித்து நிறுத்தும். அதனால் பின் ஆக்சில் ரேஷியோவை, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை, முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் மூடியின் ஒரு போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும், அதில் இருக்கும். தகடு போயிருந்தால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. தரையில் இருக்கும் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க மறக்காதீர்கள், நியூட்ரலில் வண்டி நகரும். லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் இந்த வழி ஒத்துவராது, மூடியைத் திறந்து பல்லை எண்ண வேண்டியதுதான்: 41-க்கு 10 என்றால் 4.10, 46-க்கு 13 என்றால் 3.54.

இந்த வண்டிகளில் 4.10 அடிக்கடி இருக்கும். டயர் 33 அங்குலம் என்று வையுங்கள். பழைய நாலு ஸ்பீடு என்பி435 கியர் பாக்ஸில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் 2,500 ஆர்பிஎம்மில் 60 மைல், அதாவது மணிக்கு 96 கிலோமீட்டர்தான் போகும். டெக்சாஸ் ஃப்ரீவேயில் 60-இல் போனால் பின்னால் வருபவன் ஹாரனிலேயே நிற்பான், இன்ஜினும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு வழி. கிரவுன் பினியனை 3.54-க்கு மாற்றலாம், டாட்ஜும் இந்த இன்ஜினுக்கு அதிகம் கொடுத்தது அதுதான். ஆனால் முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்ற வேண்டும், முன்னும் பின்னும் வேறு வேறாக இருந்தால் நான்கு சக்கர டிரைவைப் போட்டதும் உடையும். பின்னால் இருக்கும் டேனா 60 ஆக்சிலில் 4.10-க்கும் 3.54-க்கும் ஒரே கேரியர் (கிரவுனைப் பூட்டும் கூடு) போதும். முன்னால் இருக்கும் டேனா 44-இல் போதாது. 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92 முதல் மேலே வேறு கேரியர். அந்தச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாவது வழி, ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்டை வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள ஐந்து ஸ்பீடு கியர் பாக்ஸ். ஐந்தாவது 0.75 என்றால் அதே 4.10-உடன் 2,200 ஆர்பிஎம்மில் 70 மைல். கிரவுனைத் தொடவே வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான்.

கியர் பாக்ஸ் சொல்லும் இன்ஜினை வாங்குங்கள்

ஓவர்டிரைவ் என்று முடிவானதும் தேடும் இடம் தானாகக் குறுகிவிடும். 12 வால்வு கம்மின்ஸ் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது 1989 முதல் 1998 வரை. 1993 வரை வந்தவற்றில் கெட்ராக் ஐந்து ஸ்பீடு கியர் பாக்ஸ், விஇ ரோட்டரி டீசல் பம்ப். 1994 முதல் என்வி4500 ஐந்து ஸ்பீடு, பி7100 இன்லைன் பம்ப். 1613-இல் இன்லைன் பம்ப் பார்த்துப் பழகிய கைக்கு இந்த இரண்டாவது பம்ப் ஒரு சொந்தக்காரன் மாதிரி.

பம்பைவிட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது. ஃபோர்டின் முன் டிஃபரன்ஷியல் டிரைவர் பக்கம், அமெரிக்காவில் அது இடது. 1993 வரை டாட்ஜில் அது வலது பக்கம். அந்த டாட்ஜின் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன் ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஃபோர்டில் போட்டால் முன் ஷாஃப்ட் ஒரு பக்கம், ஆக்சில் மறுபக்கம். 1994 முதல் டாட்ஜும் இடதுக்கு வந்துவிட்டது. அதனால் இந்த வண்டிக்கு 1994 முதல் 1998 வரையிலான, மானுவல் கியர் போட்ட, நான்கு சக்கர டிரைவ் டாட்ஜ் ராம்தான் சரி. இன்ஜின், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் பிளேட், பிளைவீல், ஸ்டார்ட்டர், என்வி4500, டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் ஒன்றோடொன்று ஏற்கெனவே பொருந்தியபடி ஒரே மூட்டையாக வரும். 1996 முதல் 1998 வரை மானுவல் வண்டிகளில் 215 குதிரைத்திறன். இந்த ஃபோர்டுக்கு அது தாராளம்.

முடிந்தால் ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியாக வாங்குங்கள். இன்ஜினை மட்டும் வாங்கினால் கிளட்ச் சிலிண்டர், இன்டர்கூலர் குழாய், வாக்குவம் பம்ப், ஆக்சிலேட்டர் கேபிள் பிராக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் பழைய இரும்புக் கடையில் தனித்தனியாகக் காசு அழ வேண்டும். ரொட்டி வேன்களில் வந்த நாலு சிலிண்டர் 4பிடி மலிவாகக் கிடைக்கும். நீளம் குறைவு, இடம் தாராளம், ஆனால் அதன் அதிர்வு கண்ணாடியில் முகம் தெரியவிடாது. எனக்கு அது பிடிக்காது. ஜெனரேட்டர், பம்ப் செட்டுக்கு வந்த 6பிடிகளும் விற்பனைக்கு வரும். கவர்னர் வேறு, ஆயில் பேன் வேறு. சிலவற்றில் நம் ஊர் லாரி மாதிரி 24 வோல்ட் ஸ்டார்ட்டர் இருக்கும். முன் கியர் ஹவுசிங்கில் ரிவெட் அடித்த தகட்டைத் துடைத்து, சிபிஎல் எண்ணை (அந்த இன்ஜினின் பாகப் பட்டியலைக் குறிக்கும் எண்) எழுதிக்கொண்டு கம்மின்ஸ் டீலரிடம் கேளுங்கள், எதற்காகப் பிறந்த இன்ஜின் என்று சொல்லிவிடுவார்கள்.

வாங்கும் முன் செய்யும் சோதனை ஊரில் செய்வதுதான். குளிர்ந்த இன்ஜினாக இருக்க வேண்டும். நீங்கள் போவதற்குள் விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் தலைகீழாக அந்தத் துளை மேலேயே வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி எகிறி விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது, ரிங் போயிருக்கிறது. டர்போ குழாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போ காலி. ரேடியேட்டர் மூடிக்கு அடியில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் ஒரு பார்வை.

என்வி4500-இல் ஒரு பலவீனம் ஊரறிந்தது. ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, கியர் பின்னால் நகர்ந்து, ஒரு நாள் ஐந்தாவது மட்டும் விழாது. கியர் பாக்ஸ் தரையில் கிடக்கும்போதே பின் ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், திருத்திய நட்டு தனியாக விற்கிறது. ஆயில் விஷயத்திலும் கவனம்: 75டபிள்யூ-85, ஜிஎல்-4 சிந்தெடிக். கையில் இருக்கிறதே என்று ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றினால் சிங்க்ரனைசர் ஒத்துழைக்காது.

வெளியே இருக்கும்போதே

இன்ஜின் ஸ்டாண்டில் நிற்கும்போது செய்ய வேண்டியவை நிறைய. பின் ஆயில் சீல், டேப்பட் கவர் பேக்கிங், வாட்டர் பம்ப், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர் அடைப்பான்கள். முக்கியமாக, கடைசி சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் அடைப்பானை இப்போதே மாற்றுங்கள். இன்ஜின் உள்ளே போன பிறகு அதற்கும் உங்களுக்கும் நடுவில் கேபின் சுவர் வந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட முக்கியம் ஒரு சின்ன இரும்பு முளை. முன்னால் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு நேராக்க ஒரு டவல் பின் அடித்திருப்பார்கள், சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். அதைத் தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது, வெறும் இறுக்கத்தில் நிற்கிறது. பல வருஷ அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே வந்து டைமிங் கியர்களுக்குள் விழும். விழுந்தால் ஹவுசிங் உடையலாம், கியர் பல் போகலாம், டைமிங் நழுவி வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். 12 வால்வு இன்ஜின் அத்தனையிலும் இது உண்டு. ஃபேன் ஹப், கிராங்க் டாம்பர், முன் மூடி மூன்றையும் கழற்றினால் கேம் கியருக்கு மேலே, ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் அதன் முகம் தெரியும். துளையின் விளிம்போடு மட்டமாகவோ உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்புங்கள். பிறகு பக்கத்துப் போல்ட்டை எடுத்து, பின்னின் வாயை மறைக்கும்படி ஒரு தகட்டை அந்தப் போல்ட்டுக்கு அடியில் கொடுத்து, லாக்டைட் போட்டு முறுக்குங்கள். தகடு தயாராகவே விற்கிறது, கெட்டியான இரும்புப் பட்டையில் நீங்களே வெட்டியும் போடலாம். தகடு எந்தக் கியரிலும் உரசவில்லையா என்று கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள். வண்டிக்குள் வைத்துச் செய்தால் ரேடியேட்டர் வரை கழற்ற வேண்டிய வேலை இது. இப்போது ஒரு மதியத்தில் முடியும்.

அப்புறம் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. குளிர்ந்த நிலையில் இன்டேக் 10 தவு (ஒரு தவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் 20 தவு. ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல் புள்ளியில் நிறுத்தி இன்டேக் 1, 2, 4, எக்ஸாஸ்ட் 1, 3, 5. கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி இன்டேக் 3, 5, 6, எக்ஸாஸ்ட் 2, 4, 6. அவ்வளவுதான்.

பழைய ஃபோர்டு கியர் பாக்ஸையே வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் அடாப்டர் பிளேட் கிடைக்கிறது. வாங்கிய பிளேட்டை நம்பி அப்படியே பூட்டாதீர்கள். பிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத் துளை விளிம்பில் முள்ளை வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். கேஜ் காட்டும் மொத்த வித்தியாசம் 10 தவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரமே முனக ஆரம்பிக்கும், கிளட்ச்சும் ஒழுங்காக விடாது. டாட்ஜ் பிளேட்டில் இந்தத் தலைவலி குறைவு, ஆனாலும் நான் அளந்துவிட்டுத்தான் பூட்டுவேன்.

உட்கார வைப்பது

6பிடி தனியாகவே 500 கிலோவுக்குப் பக்கம். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தால் 600 தாண்டும். வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு டன் இன்ஜின் கிரேனின் கை முழுக்க நீட்டினால் அரை டன்தான் தாங்கும். கை மேலேயே எழுதியிருப்பார்கள், படியுங்கள். கூரையில் கனமான பீம் இருந்தால் செயின் பிளாக்தான் நிம்மதி. அது இல்லையென்றால் இன்ஜினை முதலில் இறக்கிவிட்டு, கியர் பாக்ஸை அடியிலிருந்து ஏற்றுங்கள். தொங்கும் பாரத்துக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது.

1967 முதல் 1979 வரையிலான ஃபோர்டுகளுக்கு இன்ஜின் மவுண்ட் தயாராகக் கிடைக்கிறது. வாங்கினாலும் சரி, நீங்களே வெல்டு அடித்தாலும் சரி, இறுதியாக இறுக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆயில் பேனுக்கும் முன் ஆக்சிலுக்கும் இடையே எவ்வளவு இடம்? ஸ்பிரிங் முழுக்க அமுங்கி ஆக்சில் மேலே வரும் நிலையில் அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது அளந்து பயனில்லை. சிலிண்டர் ஹெட்டின் பின்முனைக்கும் கேபின் சுவருக்கும் இடையே கை நுழைய வேண்டும், இல்லையென்றால் ஆறாவது நாசிலைக் கழற்ற இன்ஜினையே இறக்க வேண்டி வரும். டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய் வலப் பக்கச் சுவரையும் ஹீட்டர் பெட்டியையும் ஒட்டிப் போகும், அங்கே இரண்டு விரல் இடைவெளியும் வெப்பத் தடுப்புத் தகடும் கட்டாயம். வி8 அகலம், இது நீளம். அதனால் பக்கவாட்டில் தாராளமாகவும் முன்னும் பின்னும் நெருக்கமாகவும் இருக்கும்.

கிராங்க் சென்டர் பின்பக்கம் சுமார் மூன்று டிகிரி தாழ்ந்திருக்கட்டும், பின் ஆக்சில் பினியன் அதற்கு இணையாக இருக்கட்டும். இரண்டு கோணமும் ஒத்துப்போகாவிட்டால் 50 மைலைத் தாண்டியதும் தரை நடுங்கும். புரொப்பல்லர் ஷாஃப்டை முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். இன்ஜின் முழு எடையோடு மவுண்டில் உட்கார்ந்து, வண்டி தன் டயரில் நிற்கும்போது அளந்து கொடுங்கள்.

முன் எடை ஏறக்குறைய 200 கிலோ கூடுகிறது. 1978 எஃப்-250 நான்கு சக்கர டிரைவில் முன்னாலும் ஸ்பிரிங் பட்டைதான், காயில் இல்லை. அதனால் வேலை சுலபம்: கனமான பட்டை செட் வாங்கிப் போடுங்கள். பழைய செட்டிலேயே ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதும் நடக்கும், ஆனால் வளைவு தேய்ந்துபோன பட்டையோடு புதுப் பட்டை சேர்த்தால் சுமை முழுதும் புதியதன் மேல்தான் விழும்.

சுற்றியுள்ளவை

ரேடியேட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்சாஸ் கோடையில் ட்ரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் முன் சட்டத்தை வெட்டி, கொள்ளும் அளவுக்குப் பெரியதாகப் போடுங்கள், அதற்கு முன்னால் இன்டர்கூலர். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைக்கும் கூடு) கட்டாயம். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் வெறும் சத்தம்.

பிரேக்கை மறந்துவிடுபவர்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிடைத்த வாக்குவத்தில்தான் ஃபோர்டின் பிரேக் பூஸ்டர் வேலை செய்தது. டீசலில் த்ராட்டில் தட்டு கிடையாது, அதனால் வாக்குவமும் கிடையாது. கம்மின்ஸில் கியரில் ஓடும் வாக்குவம் பம்பும் அதன் பின்னால் பவர் ஸ்டீயரிங் பம்பும் ஒட்டிக்கொண்டு வரும், அதை விட்டுவிடாமல் கழற்றி வாருங்கள். பெரிய சுமை இழுப்பவர்கள் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோ பூஸ்ட்டுக்கு மாறுவது இன்னும் நல்லது.

டீசல் லைனில்தான் என் பட்டறைக்கு வரும் அரைகுறை வண்டிகளில் பாதி மாட்டிக்கொள்கிறது. பெட்ரோல் டேங்கைக் காலி செய்து அப்படியே டீசல் ஊற்றினால் போதாது. பல வருஷப் பெட்ரோல் கோந்தையும் துருவையும் டீசல் கரைத்துக் கிளப்பி, ஃபில்டரை ஒரே வாரத்தில் அடைத்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள், முடிந்தால் புதிதாகவே போடுங்கள். உறிஞ்சும் குழாய் குறைந்தது 3/8 அங்குலம். கால்வனைஸ் செய்த குழாயோ கனெக்டரோ வேண்டாம், துத்தநாகம் டீசலோடு ஒத்துப்போகாது. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று.

அடுத்து ரிட்டர்ன். இன்ஜின் எரிப்பதைவிட அதிகமான டீசல் பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போகும். இந்த ஃபோர்டுகளில் பலவற்றில் இரண்டு டேங்க் உண்டு, நடுவில் ஒரு மாற்று வால்வு. பெட்ரோலுக்கு வந்த அந்த வால்வு உறிஞ்சும் லைனை மட்டும்தான் மாற்றும். ரிட்டர்னை ஒரே டேங்கில் கட்டிவிட்டு அடுத்த டேங்கிலிருந்து ஓட்டினால், நிரம்பிய டேங்க் வழிந்து ரோட்டில் டீசல் கொட்டும். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறு வாய் உள்ள வால்வு வாங்குங்கள், அது உறிஞ்சுவதையும் திரும்புவதையும் சேர்த்தே மாற்றும். இல்லையென்றால் ஒரு டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றோடு நிறுத்துங்கள். நான் பெரும்பாலும் சொல்வது இரண்டாவதைத்தான்.

வயரிங் பயப்படும் அளவுக்கு இல்லை. பி7100 பம்பை நிறுத்துவது வெளியே இருக்கும் ஒரு சாலினாய்டு, அதாவது கரன்ட்டில் இழுக்கும் காந்தம். அதில் இரண்டு காயில்: இழுக்கும் காயிலுக்கு ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் கரன்ட், அதுவும் தனி ரிலே வழியாக. பிடித்து வைக்கும் காயிலுக்குச் சாவி போட்டிருக்கும் வரை. இரண்டையும் சாவியிலேயே சேர்த்துக் கட்டினால் இழுக்கும் காயில் எரிந்துபோகும். டாட்ஜ் ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டர் உள்ளே இல்லை, அந்த வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வெளி ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். ஃபோர்டின் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் இக்னிஷன் காயிலைப் பார்த்து ஓடியது, இனி ஓடாது. 12 வோல்ட் பேட்டரி இரண்டை இணையாகக் கட்டுங்கள். நம் ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கிவிட வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக் இதில் கிடையாது, காற்று போகும் வழியில் ஹீட்டர் கிரிட் இருக்கும். ஹூஸ்டனில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும், குளிர் மிகுந்த மினசோட்டாக்காரர்கள் கட்டாயம் இணைக்கவும்.

டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் புகையின் வெப்பம் காட்டும் ஒரு பைரோமீட்டர் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சுமையோடு மேடேறும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 675 செல்சியஸ் தாண்டினால் காலை எடுங்கள். அலுமினியப் பிஸ்டன் அதற்கு மேல் நீண்ட நேரம் பொறுக்காது.

முதல் ஸ்டார்ட்

15டபிள்யூ-40 டீசல் ஆயில் ஊற்றி, டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் விட்டு, சாலினாய்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் அழுத்தம் ஏறட்டும். பிறகு லிஃப்ட் பம்பின் ரப்பர் பட்டனை அமுக்கி ஏர் எடுங்கள். கை வலிக்கும் வரை அமுக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாசில் லைன் நட்டைச் சற்றுத் தளர்த்தி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஓடும் இன்ஜினின் நாசில் லைன் அருகே கையைக் கொண்டு போகாதீர்கள், பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்து, பக்கத்தில் ஒருவரைக் கெட்டியான பிளைவுட் துண்டோடு நிறுத்துங்கள். ஆர்பிஎம் தானாக ஏறிக்கொண்டே போனால் சாவியை அணைத்துப் பயனில்லாமலும் போகலாம். பலகையால் டர்போ வாயை மூடினால் மூச்சடைத்து நிற்கும். பலகைதான், கை கூடாது, துணியும் கூடாது.

காகித வேலை கடைசியில் சொன்னாலும் முதலிலேயே விசாரிக்க வேண்டியது. அமெரிக்காவில் பொது விதி, வண்டியின் ஆண்டைவிட இன்ஜின் பழையதாக இருக்கக் கூடாது, அந்த இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றக் கூடாது. 1978 வண்டிக்கு 1996 இன்ஜின் என்பதால் ஆண்டில் சிக்கல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சோதனை மாறும். டெக்சாஸில் இந்த வயது வண்டிக்குப் புகைச் சோதனையே இல்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிக்குத்தான் அந்த விலக்கு, அங்கே 1978-ஐத் தொடும் முன் நன்றாக விசாரியுங்கள். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. ஆர்டிஓ அனுமதி கையில் இல்லாமல் பொலிரோ பிக்கப்பில் கை வைக்காதீர்கள்.

முதல் 500 மைல் ஓடியதும் மவுண்ட் போல்ட், அடாப்டர் பிளேட் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் நட்டு எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள். கிளாம்ப் போட்ட இடங்களில் இன்டர்கூலர் ஹோஸ் நழுவியிருக்கிறதா பாருங்கள். ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். உலோகத் தூள் மினுங்கினால் வண்டியை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். ஆயில் வெறும் கறுப்பாக இருந்தால் பயப்படாதீர்கள், டீசலில் அது மாற்றிய மறுநாளே கறுக்கும்.